கோரல் தொட்டியில் புழு பெருகினால்: மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கோரல், அதாவது பவளம், வாங்க வேண்டும் என்றால் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் தொட்டியில் புழு வந்துவிட்டால் இங்கே இருப்பவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன், மருந்து அளக்கத் தெரிந்தவன் என்ற நம்பிக்கை. வந்ததும் கேட்பது, "என்ன மருந்து ஊத்தலாம் ஐயா?" என்றுதான். எந்தப் புழு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு வயிற்றுப்பூச்சி மருந்து கொடுத்த காலத்தில், நாக்குப்பூச்சியா கீரிப்பூச்சியா கொக்கிப்புழுவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறுவது. மருந்தைக் கொடுத்துவிட்டுச் செருப்புப் போடச் சொல்லாமல் அனுப்பினால், அதே பிள்ளை அதே சோகையோடு திரும்பி வந்து நிற்கும். தொட்டியும் அப்படித்தான். புழு எந்த வழியாக வந்தது, எதைத் தின்று பெருகுகிறது என்று தெரியாமல் ஊற்றும் மருந்து பாதி நாள் வேலையோடு நின்றுவிடும். சில சமயம் மீனையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே முதலில் பாருங்கள். இரண்டு நேரம் பார்க்க வேண்டும். விளக்கு நன்றாக எரியும் மத்தியானத்தில் ஒரு முறை. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் போன பிறகு ஒரு முறை. இரவில் பார்க்கும்போது டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் பாதிப் புழு பாறைக்குள் போய்விடும். 60 மில்லி சிரிஞ்சு ஒன்றும் ஒரு சாண் ஏர் பம்பு டியூபும் இருந்தால் போதும். சந்தேகப்படும் புழுவை மெதுவாக உறிஞ்சி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு வெள்ளைச் சாசரில் விட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரி.

விட்டுவிட வேண்டியவை சில உண்டு. கண்ணாடியிலும் பம்பின் மேலும் வெள்ளையாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருள்கள் ஸ்பைரோர்பிட் என்ற குழாய்ப்புழு. தண்ணீரில் மிதப்பதை வடிகட்டித் தின்பது. பாறையில் விசிறி விரித்துத் தொட்டவுடன் உள்ளே இழுத்துக்கொள்வது ஃபெதர் டஸ்டர். மணலிலிருந்து நூல் நூலாக நீட்டித் தடவிக்கொண்டிருப்பது ஸ்பெகட்டி வார்ம். மூன்றுமே தொட்டியைச் சுத்தம் செய்யும் ஆட்கள். இவற்றைப் பார்த்துப் பதறி மருந்து வாங்க வேண்டாம். பாறையில் கெட்டியான குழாய் கட்டி, சளி வலை வீசுகிறதே, அது வெர்மெட்டிட். புழு மாதிரி இருந்தாலும் அது நத்தை. புழு மருந்து அதற்கு வேலை செய்யாது. குழாயின் வாயில் சூப்பர் குளூ ஜெல் ஒரு பொட்டு வைத்து அடைத்துவிடுங்கள், கோரலுக்குப் போடும் தூள் உணவைக் குறையுங்கள்.

பிரிசில் புழு

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். இளஞ்சிவப்பும் பழுப்புமாக நீண்ட உடம்பு, ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்க் கொத்து. இரவில் பாறை இடுக்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி, மிச்சம் கிடக்கும் தீனியை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். என் தொட்டியில் இது இருக்கிறது. நான் எடுப்பதில்லை. என் கை எட்டாத இடுக்கில் அழுகுவதை இதுதான் தின்கிறது.

"கோரலைத் தின்னுதுங்க, நானே பார்த்தேன்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது, ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் கோரலின் சதையைப் புழு சுத்தம் செய்வதை. கோரல் ஏன் சாகிறது என்பதை உப்பின் அளவிலும் ஆல்கலினிட்டியிலும் (தண்ணீரின் காரத்தன்மை) சூட்டிலும் தேட வேண்டும். உயிருள்ள கோரலை உண்மையிலேயே தின்னும் தாடி வைத்த தீப்புழு, ஹெர்மோடிசே கரன்குலேட்டா, அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்தது. தடித்த உடம்பு, வெள்ளை மயிரின் பக்கத்தில் சிவப்புக் கொத்துச் செவுள். அப்படி ஒன்று தென்பட்டால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

சாதாரணப் பிரிசில் புழு நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டால், அத்தனை வயிற்றுக்கும் தீனி கிடைக்கிறது என்று அர்த்தம். தீனியைப் போடுவது நாம். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் காலையில் அப்பா ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை ஒரு சிட்டிகை, இரவில் பாட்டி "பாவம், வாயைத் திறந்து திறந்து கேட்குது" என்று ஒரு சிட்டிகை. இதை முதலில் நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் போடட்டும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். ஐஸ் கட்டியாக வரும் மைசிஸ் இறாலைத் தண்ணீரில் கரைய விட்டு, வலையில் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். பாறைக்குப் பின்னால் படிந்திருக்கும் அழுக்கைச் சிரிஞ்சால் ஊதிக் கிளப்பி, சைபனில் இழுத்துவிடுங்கள். சில வாரத்தில் புழுவின் எண்ணிக்கை தானே இறங்கும்.

உடனே குறைக்க வேண்டும் என்றால் நைலான் காலுறைத் துண்டு ஒன்றில் சிறு இறால் துண்டை முடிந்து, விளக்கு அணைந்ததும் பாறையடியில் வையுங்கள். மயிர் நைலானில் சிக்கிக்கொள்ளும். காலையில் மெதுவாகத் தூக்கினால் கொத்தாக வரும். கண்டிப்பாகக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மயிர் தோலில் குத்தி முறிந்து நின்றுவிட்டால் அரிப்பும் எரிச்சலும் நாள் கணக்கில் இருக்கும். குத்திவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள், அப்புறம் வினிகரில் நனைத்த பஞ்சை வையுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

சிவப்புத் தட்டைப்புழு

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டிகளைக் காலி செய்வது பெரும்பாலும் இதுதான். அதுவும் புழு உயிரோடு இருக்கும்போது அல்ல, சாகும்போது.

கன்வலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்பது இதன் அறிவியல் பெயர். கடைகளில் ரெட் பிளனேரியா என்பார்கள். துருப்பிடித்த நிறம், அரை சென்டிமீட்டர் இருக்கும், தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாசரில் விட்டுப் பாருங்கள்: முன்பக்கம் வட்டமாக இருக்கும், பின்பக்கம் மூன்று நுனியாகப் பிரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் சிலவற்றின் வாலில் ஒரு மொட்டு தெரியும். அது குட்டி. தாய்க்கு நேர் எதிர்ப்பக்கம் தலையை வைத்து வளர்ந்து, ஒரு நாள் தன் பாட்டுக்கு எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு பிய்ந்து போய்விடும். ஆண், பெண், முட்டை எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு புழு வந்தால் போதும், கண்ணாடி முழுக்கத் துரு பூசிய மாதிரி ஆக.

உடம்புக்குள் பாசி வைத்திருக்கிறது, வெளிச்சத்தில் அந்தப் பாசி அதற்குச் சோறு போடுகிறது. அதனால் விளக்கு நன்றாக விழும், ஆனால் தண்ணீர் ஓட்டம் குறைவான இடத்தில் கூடும். கோரலின் மேல் படுத்துக்கொண்டால் கோரலுக்கு வெளிச்சம் கிடைக்காது. பாசி போதாதென்று தண்ணீரில் இருக்கும் கோபிபாட் போன்ற சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். தீனியைக் குறைத்தால் மட்டும் இது போகாது என்பதற்கு அதுவே காரணம்.

இதன் உடம்பில் விஷம் உண்டு. ஒன்றிரண்டு செத்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் ஒரே நேரத்தில் செத்தால் அத்தனை விஷமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். ஆகவே மருந்துக்கு முன்னால் கையால் எடுங்கள். எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு.

மத்தியானம் விளக்கின் கீழ் எல்லாம் கூடியிருக்கும் நேரம் பாருங்கள். ஏர் டியூபின் நுனியில் பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழலைச் செருகினால் பென்சில் பிடிக்கிற மாதிரி பிடித்து ஒவ்வொன்றாக இழுக்கலாம். வாளிக்கு நேராக விடுங்கள்; வடிகட்டி அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். போன அளவுக்குப் புது உப்புத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மாற்றும் வேலையும் முடிந்துவிடும். இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இப்படிச் செய்தால் கூட்டம் கண்கூடாகக் குறையும். பம்பின் முகத்தைத் திருப்பி, புழு கூடும் மூலைக்கு ஓட்டம் போகிற மாதிரி வையுங்கள். சில தொட்டிகளில் இதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

முடியவில்லை என்றால் மருந்து. நான் சொல்வது சாலிஃபர்ட்டின் ஃபிளாட்வார்ம் எக்ஸிட். அளவு பாட்டிலில் இருக்கிறது, அதைப் பின்பற்றுங்கள். ஆனால் அந்த அளவு லிட்டர் கணக்கு. உங்கள் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் என்று தெரியாமல் அது பயன்படாது. நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 90க்கு 45, தண்ணீர் 40 என்றால் 162 லிட்டர். கண்ணாடியின் உயரத்தைப் போடாதீர்கள், தண்ணீரின் உயரம். பாறையும் மணலும் அடைக்கும் இடத்துக்குப் பத்திலிருந்து இருபது சதவீதம் கழியுங்கள். கீழே சம்ப் (வடிகட்டித் தொட்டி) இருந்தால் அதன் தண்ணீரைக் கூட்டுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு தொட்டிக்கு, மருந்து ஊற்றுவதற்கு முந்தின நாளே, மாற்றுவதற்கு 40 லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து, பம்பு போட்டுச் சுழல விடுங்கள். லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேல் உப்பு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கடைசியில் மீட்டர்தான் பேச வேண்டும்: தொட்டியில் ஒப்படர்த்தி 1.025 என்றால் வாளியிலும் 1.025, சூடும் அதே 25, 26 டிகிரி. கடைத்தெருவில் இருக்கும் ஆர்ஓ மெஷின் தண்ணீரை எடுக்கலாம், ஆனால் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். சில மெஷின் தாது சேர்த்து விடுகிறது. லுமுட் பக்கம் போய்க் கடல் தண்ணீர் மொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கரையில் தண்ணீர் சேறு, ஆற்றுத் தண்ணீர் கலப்பதால் உப்பும் குறைவு. வேண்டாம்.

மருந்து ஊற்றும் நாள், நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாளாக இருக்கட்டும். காலையில் ஆரம்பியுங்கள். கார்பன் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரி) இருந்தால் வெளியே எடுங்கள், யூவி விளக்கையும் நுரையோடு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள், ஓட்டப் பம்பு ஓடட்டும், கூடுதலாக ஒரு ஏர் பம்பு போடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும், நம் ஊர் வெயிலில் இதை மறக்கக் கூடாது. மருந்தை ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கலந்து ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். சீக்கிரமே புழு சுருண்டு பிடி விட ஆரம்பிக்கும். அந்த நிமிடத்திலிருந்து கையில் சைபன் குழாய் இருக்க வேண்டும். விழ விழ இழுங்கள். முக்கால் மணி நேரம் போனதும் புதுக் கார்பன் போட்டு, ஸ்கிம்மரை ஓட விட்டு, தயாராக இருக்கும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தாலோ, நத்தை பிடி விட்டு விழுந்தாலோ, முக்கால் மணிக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே கார்பன், உடனே தண்ணீர்.

கோலக்கங்சாரிலிருந்து ஒரு தம்பி ஒரு நாள் போன் போட்டான். "ஐயா, புழு எல்லாம் செத்துப்போச்சு. ஆனா மீனு மேல வந்து நிக்குது, என்னா செய்றது?" தண்ணீர் கலந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. கார்பன் இருக்கிறதா? வாங்க வேண்டும். ஏர் பம்பை முழு வேகத்தில் வைக்கச் சொல்லி, செத்த புழுவை இழுத்துக்கொண்டே இருக்கச் சொல்லி, அவன் தம்பியை மோட்டாரில் கார்பன் வாங்க அனுப்பச் சொன்னேன். இரண்டு கோமாளி மீன் பிழைத்தது, மஞ்சள் டேங் போய்விட்டது. பல வருஷம் அவன் பிள்ளை மாதிரி வளர்த்த மீன். இந்தக் கட்டுரையில் தயாரிப்பு வேலைகளை இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த மீனுக்காகவும்தான்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். இடுக்கில் தப்பித்தது இருக்கும். அதற்கு இரண்டாவது முறை மருந்து. இந்த முறை கூட்டம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு, ஆனால் தண்ணீரும் கார்பனும் அதே மாதிரி தயாராக இருக்க வேண்டும்.

அக்ரோபோராவைத் தின்னும் புழு

அக்ரோபோரா என்ற கிளைக் கோரல் வளர்ப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். இந்தத் தட்டைப்புழு கோரலின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குப் படாது. கிளையில் வட்ட வட்டமாக வெளிறிய கடித்த தடம், நிறம் மங்கிய அடிப்பாகம், அடியில் சதை போன வெள்ளை எலும்பில் பழுப்புப் பொன்னிறமாக நெருக்கி ஒட்டிய முட்டைகள், இவைதான் அடையாளம். சிரிஞ்சால் ஓங்கி ஊதினால் புழு பறந்து வரும்.

தொட்டியில் மருந்து ஊற்றி இதை ஒழிக்க முடியாது. கோரலை வெளியே எடுத்து, கோரல் ஆர்எக்ஸ் மாதிரி டிப்பில் (முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்) முக்கி, உள்ளேயே சிரிஞ்சால் ஊதி எடுக்க வேண்டும். டிப் புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டையைப் பழைய டூத்பிரஷ்ஷாலோ கத்தி முனையாலோ சுரண்டுங்கள், அல்லது அந்த அடிப்பாகத்தையே வெட்டி எறியுங்கள். கண்ணில் படாத முட்டை பொரித்து வரும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை என்று ஆறு வாரம் டிப் தொடர வேண்டும். அக்ரோபோரா ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு கிளையை விட்டால் ஆறு வாரமும் வீண். அயோடின் டிப் வெட்டிய காயத்துக்கு நல்லது, புழுவுக்கு அதை நம்பாதீர்கள்.

புழு தின்னும் மீன்

சிக்ஸ்லைன் ரேஸ், மஞ்சள் கோரிஸ், மெலனூரஸ் ரேஸ் மூன்றும் தட்டைப்புழுவைக் கொத்தும், ஆனால் எல்லா மீனும் கொத்தும் என்று உறுதி சொல்ல முடியாது. கோரிஸும் மெலனூரஸும் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை, மணல் இல்லாத தொட்டிக்கு வாங்காதீர்கள். சிக்ஸ்லைன் வளர்ந்தால் சின்ன மீன்களை விரட்டும். நீல வெல்வெட் கடல் நத்தை, செலிடோனுரா வேரியன்ஸ், தட்டைப்புழுவை மட்டுமே தின்னும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் புழு தீர்ந்ததும் அது பட்டினியில் சாகும். அடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் தவிர அதை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

தொடக் கூடாத மருந்துகள்

தோட்டத்து ஊரில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இளஞ்செம்பனையில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கிற சைபர்மெத்ரின் ஸ்டோரில் இருக்கும், யாராவது "ஒரு சொட்டு போட்டா போதும்" என்பார்கள். மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் அது கொடிய விஷம். ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தின் அளவு ஆட்டின் எடைக்குக் கணக்கிட்டது. அதைத் தண்ணீருக்கு ஊகித்து ஊற்றாதீர்கள். மீன் நோய்க்குப் போடும் தாமிர மருந்து கோரலையும் நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளிலும் தொட்டியைப் பிளாஸ்டிக் போட்டு மூடி, வெளிக்காற்றை இழுக்கும் ஏர் பம்பையும் ஸ்கிம்மரையும் புகை கலையும் வரை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஓட்டப் பம்பை மட்டும் ஓட விடுங்கள்.

வாசலிலேயே நிறுத்துவது

மேலே சொன்ன புழுக்கள் எல்லாமே புதுக் கோரலோடும் புதுப் பாறையோடும்தான் வருகின்றன. 40 லிட்டர் வெறுந்தொட்டி ஒன்று, ஒரு சின்ன பம்பு, சுமாரான விளக்கு, இது போதும். மணல் வேண்டாம். கோரல் வந்தவுடன் அது ஒட்டியிருக்கும் பிளக்கை (அடிக்கட்டையை) உடைத்துத் தூக்கிப் போடுங்கள். முட்டை அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும். டிப்பில் முக்கி, சுத்தமான தொட்டித் தண்ணீரில் அலசி, இந்தத் தனித் தொட்டியில் ஆறு வாரம் வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்து டிப். டிப் வாளியின் அடியில் விழுவதை வெள்ளைச் சாசரில் ஊற்றிப் பாருங்கள், அதில் ஒன்றுமே இல்லாமல் வரும் வரை பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். சின்னத் தொட்டி மத்தியானத்தில் சீக்கிரம் சூடேறும். மேலே ஒரு ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், ஆனால் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுங்கள். கடைப் பையின் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. இந்தத் தொட்டியின் வலை, சைபன், சிரிஞ்சு எல்லாம் தனியாக இருக்கட்டும். சிவப்பு டேப் சுற்றி வைத்தால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

இழுத்த புழுவையும் டிப் தண்ணீரையும் வாளியில் குளோராக்ஸ் விட்டு ஓரிரவு வைத்து, அப்புறம் கழிவறையில் ஊற்றுங்கள். கால்வாயில் வேண்டாம், கறிவேப்பிலைக்கும் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் செடி கருகிப் போகும்.